ஆஸ்கார் பர்னாக்கும் ஒரு மலிவு லென்ஸும்

(பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

இயற்பியல் மாணவர்கள் 1879-ஆம் ஆண்டை மறக்க மாட்டார்கள். அவ்வாண்டு மார்ச் மாதம் ஐன்ஸ்டைன் பிறந்தார். அக்டோபரில் எடிசனின் மின்விளக்கு எரிந்தது. நவம்பர் முதல் தேதி ஜெர்மனியில், பெர்லினுக்குத் தெற்கே உள்ள லீனோ என்ற சிற்றூரில், ஆஸ்கார் பர்னாக் என்ற குழந்தை பிறந்தது. முதல் இருவரை அறியாதவர் இல்லை. மூன்றாமவரைப் புகைப்படக்காரர்கள் உலகெங்கும் ஆசானாகப் போற்றுகிறார்கள். ஆனால் என் வகுப்பில் விசாரித்துப் பார்த்ததில் ஒருவர்கூட அப்பெயரைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. 35 மில்லிமீட்டர் பிலிம் சுருள், ஒரு சுருளில் 36 படம், கழுத்தில் தொங்கவிடும் சின்னக் கேமரா, இம்மூன்றும் உலக வழக்கமானது அவரால்தான். இன்று பிலிமே இல்லாத டிஜிட்டல் கேமராக்களில் உயர்ந்த ரகத்தவற்றிலும் படம் விழும் பரப்பு அவர் வகுத்த 24×36 மி.மீ. அளவுதான்.

நான் அவரைத் தேடிப் போனது ஒரு சொந்தக் காரியமாக. திண்டுக்கல்லில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு பெரியவர் கடையை மூடியபோது, சோவியத் நாட்டு ஸோர்க்கி-4 கேமரா ஒன்றைச் சொற்ப விலைக்கு எனக்குக் கொடுத்தார். அதற்கு முகங்களை எடுக்கத் தக்க ஒரு லென்ஸ் வேண்டியிருந்தது. எது வாங்கலாம், எவ்வளவில் கிடைக்கும் என்று படித்துக்கொண்டே போனதில், திரும்பத் திரும்ப இந்த மெக்கானிக்கின் வீட்டு வாசலிலேயே வந்து நின்றேன்.

மெக்கானிக் என்று சும்மா சொல்லவில்லை. பர்னாக் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்லர். இயற்கைக் காட்சிகளை வரையும் ஓவியனாக வேண்டும் என்பது அவருடைய இளமைக் கனவு. வீட்டிலோ கைத்தொழில் கற்க அனுப்பினார்கள். பெர்லினை அடுத்த லிக்டர்ஃபெல்டேயில், வானியல் கருவிகள் செய்யும் ஒரு பட்டறையில் சேர்ந்து அரமும் கடைசலும் பழகினார். பயிற்சி முடிந்த தொழிலாளி ஊர் ஊராகச் சென்று பல பட்டறைகளில் வேலை செய்வது அந்நாட்டு மரபு. அவ்வாறு சாக்சனி, வியன்னா, டிரோல் மலைநாடு என்று சுற்றிவிட்டு 1902-இல் யேனா நகரத்து ஸைஸ் தொழிற்சாலையில் சேர்ந்தார். மறு ஆண்டு திருமணம். பிறகு இரண்டு குழந்தைகள்.

ஓவியம் போயிற்று, காட்சிகளின் மேல் உள்ள காதல் போகவில்லை. தூரிகைக்குப் பதில் கேமராவை எடுத்துக்கொண்டு யேனாவைச் சுற்றியுள்ள துரிங்கியக் காடுகளில் ஏறினார். அந்தக் காலத்துக் கேமராவோ ஒரு சிறு பெட்டகம். 13×18 செ.மீ. கண்ணாடித் தட்டுகள், அவற்றை வைக்கும் இரட்டைக் கூடுகள் ஆறு, எல்லாவற்றையும் வைக்கத் தோல்பெட்டி, அப்புறம் முக்காலி. பர்னாக்குக்கோ இழுப்பு நோய். மேட்டில் நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும்.

என் தந்தையார் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குபவர். சுமையைக் கையால் நிறுத்துப் பார்த்தே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். பர்னாக்கின் பெட்டியைப் பற்றி நான் சொன்னபோது, மேட்டில் ஏறும்போது சுமை இரட்டிப்பாகும் என்று மட்டும் சொன்னார். கன்னிவாடியிலிருந்து தருமத்துப்பட்டி வழியாக ஆடலூர், பன்றிமலைப் பக்கம் நடந்து ஏறியவர்களுக்கு இது விளங்கும். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் தொடங்கிற்று. 1904 முதல் சூரியனை நாள்தோறும் படமெடுத்து வந்தது. அக்காலத்தில் மலைக்கு மோட்டார் சாலை கிடையாது. அங்கு போன கருவிகளும் கண்ணாடித் தட்டுகளும் பல காலம் ஆட்களின் தோளில்தான் ஏறியிருக்கின்றன. வெள்ளைக்காரத் துரைக்குச் சுமக்க ஆள் உண்டு. தொழிற்சாலை மெக்கானிக்குக்கு ஏது?

ஆகவே பர்னாக் யோசித்தார். ஒரே தட்டில் சின்னச் சின்னதாகப் பதினைந்து இருபது படங்கள் எடுத்து, பிறகு பெருக்கிக்கொண்டால் என்ன? 1905-ஆம் ஆண்டு வாக்கில் செய்தும் பார்த்தார். பெருக்கிய படத்தில் மணல் கொட்டினாற்போல் புள்ளிகள் தெரிந்தன. தட்டில் பூசிய ரசாயனத்தின் துகள்கள் அத்தனை பெரியவை. முயற்சியை மூட்டை கட்டி வைத்தார். சிறிய நெகடிவ், பெரிய படம் என்ற எண்ணம் மட்டும் மனத்தில் கிடந்தது.

ஸைஸில் அவருடன் வேலை பார்த்த எமில் மேஷாவ் என்பவர் வெட்ஸ்லார் நகரில் நுண்ணோக்கிகள் செய்யும் லைட்ஸ் நிறுவனத்துக்குப் போனார். அங்கிருந்து பர்னாக்குக்கு அழைப்பு அனுப்பச் செய்தார். உடல்நலத்தை எண்ணி பர்னாக் தயங்கினார். அடிக்கடி படுக்கையில் விழும் ஆளை எந்த முதலாளி வைத்துக்கொள்வான் என்ற அச்சம். லைட்ஸ் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 1911 ஜனவரியில் அதன் சோதனைப் பிரிவுக்குத் தலைவராகச் சேர்ந்தார். வயது முப்பத்தொன்று.

அங்கே அவர் சினிமாக் கேமராவுடன் பழக நேர்ந்தது. சினிமாப் பிலிம் கண்ணாடித் தட்டைவிட நுண்ணிய துகள் உடையது, சுருட்டி வைக்கலாம், எடையே இல்லை. கிடப்பில் இருந்த பழைய எண்ணம் உயிர்பெற்றது. சினிமாவின் ஒரு படம் 18×24 மி.மீ. இரண்டு படங்களின் இடத்தைச் சேர்த்து எடுத்துக்கொண்டால் 24×36. பிலிமைக் குறுக்காக ஓடவிட்டு, இந்த அளவில் படம் விழும்படி, சட்டைப் பையில் போடத்தக்க ஓர் உலோகக் கேமராவை 1913-14-இல் தன் கையாலேயே செய்தார். மூச்சு வாங்கும் மனிதர் அதைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார். 1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது வெட்ஸ்லார் தெருவில் கூடி நின்ற மக்களை எடுத்தார்; 1920-இல் அவ்வூரில் வெள்ளம் புகுந்ததை எடுத்தார். முக்காலியை நட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து எடுத்த படங்கள் அல்ல அவை. நடந்து போகிறவன் நின்று பார்த்த காட்சிகள்.

போர் வந்ததால் பத்தாண்டுகள் அந்தக் கேமரா சோதனைப் பொருளாகவே கிடந்தது. போருக்குப் பின் ஜெர்மனியில் பணம் செல்லாக் காசாயிற்று. 1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். பாடப்புத்தகத்தில் இந்த எண்ணைப் படிக்கும்போது சிரிப்பு வரும். கூலி வாங்கியவனுக்கு வந்திருக்காது. நுண்ணோக்கி வாங்க ஆளில்லை. வேலையாட்களை நிறுத்த வேண்டிய நிலை. மூத்த லைட்ஸ் 1920-இல் இறந்துவிட, மகன் இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்தை நடத்திவந்தார். 1924 ஜூனில் அவர் எல்லோரையும் கூட்டி, பர்னாக்கின் கேமராவைச் செய்து விற்கலாமா என்று கேட்டார். பலர் வேண்டாம் என்றனர். இத்தனை சிறிய கருவியைப் பொம்மை என்றுதானே உலகம் நினைக்கும்? மணிக்கணக்கில் விவாதம் நடந்தது. முடிவில் லைட்ஸ் துணிந்தார். தொழிலாளர்களுக்கு வேலை வேண்டும் என்பதே அவர் எடைபோட்ட முக்கியமான காரணம். 1925 வசந்த காலத்தில் லைப்சிக் சந்தையில் அது லைக்கா என்ற பெயரோடு வெளிவந்தது. லைட்ஸ், கேமரா என்ற இரு சொற்களின் முன்பகுதிகளைச் சேர்த்த பெயர் அது. லென்ஸைக் கணக்கிட்டுத் தந்தவர் மாக்ஸ் பெரெக் என்ற அறிஞர். சினிமா லென்ஸ்கள் 18×24 பரப்புக்கு மட்டுமே ஒளி பரப்புவன. இரட்டைப் பரப்புக்குப் புது லென்ஸ் தேவைப்பட்டது. பட்டறையில் கற்றவரும் பல்கலைக்கழகத்தில் கற்றவரும் சேர்ந்த நல்ல இணை அது.

இதுவரை சொன்னவை பல நூல்களிலும் காணக்கூடியவை. அடுத்த ஆறேழு ஆண்டுகளின் வேலையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவார் இல்லை. எனக்கோ அதுதான் பெரிதாகப் படுகிறது.

முதல் லைக்காவில் லென்ஸைக் கழற்ற முடியாது. 1930-இல்தான் 39 மி.மீ. திருகு வைத்துக் கழற்றி மாட்டும்படி செய்தார்கள். ஆனால் அதில் ஒரு வில்லங்கம். லென்ஸ் அமரும் விளிம்புக்கும் பிலிமுக்கும் உள்ள தூரம் ஒவ்வொரு கேமராவிலும் நூலளவு மாறுபட்டது. ஆகையால் ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனியாக லென்ஸ்களைப் பொருத்தி, கேமராவின் எண்ணில் கடைசி மூன்று இலக்கங்களை லென்ஸில் பொறித்துக் கொடுத்தார்கள். பிற்பாடு இன்னொரு லென்ஸ் வேண்டுமென்றால் கேமராவையே தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். வசதி உள்ளவன் எல்லா லென்ஸ்களையும் ஒரே நாளில் வாங்கிக்கொள்வான். சிறுகச் சிறுகச் சேர்ப்பவனுக்கு அது கதவைச் சாத்தியது போலத்தான்.

1931-இல் அந்தத் தூரத்தை 28.8 மி.மீ. என்று நிலைப்படுத்தினார்கள். அன்றுமுதல் எந்த லென்ஸும் எந்தக் கேமராவிலும் அமரும். கேமரா இப்போது, லென்ஸ் பணம் சேர்ந்தபின், அதுவும் இன்னொருவர் கழித்துப் போட்டதாக இருக்கலாம். ஸோர்க்கியில் லென்ஸைத் திருகும் ஒவ்வொரு தடவையும் நான் அந்த அளவைப் பயன்படுத்துகிறேன். 1934 முதல் உக்ரைனின் கார்கிவ் நகரில், தெருவில் திரிந்த அனாதைப் பிள்ளைகளுக்காக நடத்தப்பட்ட ஒரு குடியிருப்பில், லைக்காவைப் பார்த்து ஃபெட் என்ற கேமராவைச் செய்தார்கள். அதன் வழி வந்ததே ஸோர்க்கி. ஜப்பானியரும் அதே திருகைப் பின்பற்றினார்கள்.

1932-இல் வந்த இரண்டாம் லைக்காவில் ரேஞ்ச்ஃபைண்டர் என்ற தூரமானி லென்ஸோடு இணைந்தது. அதன் தத்துவம் நம் முக்கோணவியல்தான். கேமராவின் நெற்றியில் நாலு செ.மீ.க்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில் இரண்டு சிறு சாளரங்கள். இரண்டின் வழியும் வரும் உருவங்கள் கண்ணில் ஒன்றன்மேல் ஒன்று விழும். லென்ஸைத் திருக, உள்ளே ஒரு நெம்புகோல் நகர்ந்து ஓர் உருவத்தைத் தள்ளும். இரண்டும் ஒன்றானால் குவியம் சரி. இதில் பர்னாக் பிரிவினரின் கைத்திறன் எங்கே தெரிகிறது என்றால், 50 மி.மீ. லென்ஸ் 2 மீட்டர் தூரத்துப் பொருளுக்கு 1.3 மி.மீ. முன்னே நகர வேண்டும்; 90 மி.மீ. லென்ஸ் அதே பொருளுக்கு 4.2 மி.மீ. நகர வேண்டும். நெம்புகோலுக்குத் தெரிந்ததோ 50-இன் கணக்கு மட்டும். எனவே நீண்ட லென்ஸின் உள்ளேயே ஒரு வளையம், 4.2-ஐ 1.3 ஆக மொழிபெயர்த்து நெம்புகோலுக்குச் சொல்கிறது. மின்கலம் கிடையாது, கணிப்பொறி கிடையாது. பித்தளையில் வெட்டிய திருகு மட்டுமே.

இங்கே என் காரியத்துக்கு வருகிறேன். கன்னிவாடியில் எங்கள் அப்பத்தாவுக்கு இருக்கிற ஒரே படம் ஆதார் அட்டையில் உள்ளது. எங்கள் தெருவில் முதியவர்கள் பலருக்கும் அப்படியே. யாராவது காலமானால் அந்த அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாலை சாத்துகிறோம். திடுக்கிட்ட கண்ணும் இறுகிய உதடுமாக ஒரு முகம். பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்சுவது அதுதான். ஒவ்வொருவரையும் அவரவர் திண்ணையில் வைத்து ஒழுங்காக ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

கைப்பேசி போதாதா என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். தலையும் தோளுமாக 60 செ.மீ. உயரம் படத்தில் நிறைய வேண்டும். 50 மி.மீ. லென்ஸானால் 88 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும். 90 ஆனால் 160 செ.மீ. கைப்பேசியின் அகன்ற லென்ஸுக்கு ஏறக்குறைய 45 செ.மீ. மூக்கு நுனிக்கும் காதுக்கும் 12 செ.மீ. இடைவெளி என்று கொண்டால், காதை நோக்க மூக்கு கைப்பேசியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பெருக்கிறது. 50-இல் ஏழில் ஒரு பங்கு. 90-இல் பதின்மூன்றில் ஒரு பங்கு. நாம் ஒருவர் முகத்தைப் பார்த்துப் பழகிய தூரமும் ஒன்றரை மீட்டர்தான். அத்தோடு, முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் கருவியை நீட்டினால் அப்பத்தா மட்டுமல்ல, யாருமே விறைத்துத்தான் போவார்கள்.

அப்படியானால் 85 முதல் 105 மி.மீ. வரை உள்ள லென்ஸ்தான் வேண்டும். எது? பர்னாக் உயிரோடிருந்தபோதே, 1930-களின் தொடக்கத்தில், வெட்ஸ்லாரிலிருந்து இந்த வகையில் மூன்று லென்ஸ்கள் வந்துவிட்டன. முதலாவது 73 மி.மீ. ஹெக்டர், எஃப் 1.9. ஒளியை வாரி விழுங்கும், கனமானது, விலை கூடியது. இரண்டாவது 90 மி.மீ. எல்மார், எஃப் 4. நான்கே கண்ணாடிகள், எளிய அமைப்பு. மூன்றாவது 105 மி.மீ. எல்மார், எஃப் 6.3. மலையேறுகிறவர்களுக்கென்றே மெலிதாகச் செய்ததால் அதற்கு மலை எல்மார் என்றே பெயர். இழுப்பு நோயோடு மலை ஏறியவரின் கூடத்திலிருந்து அப்படி ஒரு லென்ஸ் வந்தது எனக்கு வியப்பாக இல்லை. ஆனால் அது கொஞ்சமே செய்யப்பட்டது. இன்று சேகரிப்பாளர்களின் கண்ணாடி அலமாரிகளில் இருக்கிறது. 90 எல்மார் 1960-கள் வரை செய்யப்பட்டது. நிறையச் செய்தது நிறையக் கிடைக்கும். நிறையக் கிடைப்பது விலை இறங்கும்.

இவற்றோடு போட்டிக்கு வருவது ஸைஸ் நிறுவனத்து லுட்விக் பெர்ட்டெலே வகுத்த 85 மி.மீ. சோனார், எஃப் 2. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத்தில் ஜூபிட்டர்-9 என்ற பெயரில் அதே அமைப்பைச் செய்தார்கள். ஜப்பானில் நிக்கானும் 85 எஃப் 2 செய்தது. 1950-இல் டோக்கியோவில் ஜூன் மிக்கி என்ற இளைஞர் அந்த லென்ஸால் அமெரிக்கப் படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கனை ஒரு படம் எடுத்துக் காட்ட, அவர் அதன் தெளிவைக் கண்டு தம் லைக்காவுக்கு நிக்கான் லென்ஸ்களை வாங்கிக்கொண்டு கொரியப் போருக்குப் போனார். அதன் பிறகே ஜப்பான் லென்ஸ்களின் பெயர் உலகில் பரவிற்று. பர்னாக்கின் பொதுத் திருகு இல்லாவிட்டால் டங்கன் அந்த லென்ஸைத் தம் கேமராவில் மாட்டியே பார்த்திருக்க முடியாது.

என்னிடம் இருந்தது விடுமுறையில் தக்காளி தரம் பிரித்ததில் வந்த கூலியும் உதவித்தொகையின் மிச்சமும். அதற்கு ஜூபிட்டர்-9 எட்டவில்லை. எட்டாததால் மனத்தைத் தேற்றிக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம்; கணக்கும் எல்மார் பக்கமே நின்றது. தூரமானி எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பது, லென்ஸின் குவியத் தூரத்தின் வர்க்கத்தை எஃப் எண்ணால் வகுத்து வரும் ஈவைப் பொறுத்தது. 85 எஃப் 2-க்கு 3,612. ஹெக்டருக்கு 2,805. 90 எல்மாருக்கு 2,025. மலை எல்மாருக்கு 1,750. ஈவு கூடக் கூட, தூரமானியின் சிறு பிழையும் படத்தில் மங்கலாகத் தெரியும். குறுகிய தூரமானியும், பாதி ஆயுளைக் கடந்த நெம்புகோலும் உள்ள கேமராவுக்கு எஃப் 2 என்பது மாட்டு வண்டியில் மோட்டார் பூட்டினாற்போல. மங்கிய மாலையில் படம் எடுப்பவர்களுக்கு எஃப் 2 வேண்டும், மறுக்கவில்லை. திண்ணையில் காலை எட்டு மணி வெளிச்சத்துக்கு எஃப் 4 தாராளம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சோவியத்துக் கேமராவில் திருகு லைக்காவினுடையதே. ஆனால் நெம்புகோலின் கணக்கு நூலிழை வேறு. ஆகவே வாங்குமுன் சோதிக்க வேண்டும். ஸோர்க்கி-4-இன் முதுகைக் கழற்றிவிடலாம். பிலிம் ஓடும் தண்டவாளத்தில் டிரேசிங் தாளை இறுக ஒட்டி, ஷட்டரை பி-யில் வைத்துத் திறந்து பிடித்தால், லென்ஸ் வரையும் உருவம் தாளில் தலைகீழாகத் தெரியும். ஒன்றரை மீட்டரில் செய்தித்தாளைச் சாய்த்து ஒட்டி, தூரமானியால் ஒரு வரியைக் குறிவைத்து, எந்த வரி தாளில் மிகத் தெளிவாக விழுகிறது என்று உருப்பெருக்கியால் பார்த்தேன். பழைய கேமரா விற்பவர் பொறுமைசாலி. தம் மேசை விளக்கையும் கொடுத்தார். வேறுபாடு 2 செ.மீ. அளவே இருந்தது. ஒன்றரை மீட்டரில் எல்மார் எஃப் 4-இல் முன்னும் பின்னும் 3 செ.மீ.க்குச் சற்று மேல் பொறுக்கும். எஃப் 8-இல் 6 செ.மீ.க்கு மேல். எஃப் 2 லென்ஸாக இருந்தால் 2 செ.மீ.கூடப் பொறுக்காது. கைப்பேசி விளக்கை லென்ஸின் பின்னால் பிடித்து உள்ளே பூஞ்சணமும் புகைமூட்டமும் இல்லை என்பதையும் உறுதி செய்துகொண்டேன். நம் மழைக்காலம் லென்ஸுக்கு எமன். போருக்கு முந்திய எல்மார்களில் கண்ணாடிக்கு மேற்பூச்சு கிடையாது, வெயிலில் படம் வெளிறும் என்பதால், பூச்சுள்ள பிற்காலத்ததாகப் பார்த்து எடுத்தேன்.

பர்னாக்கின் கதையை முடிக்கவில்லை. தம் கேமராவை யார் யார் எங்கெல்லாம் கொண்டு போவார்கள் என்பதை அவர் முழுதும் பார்க்கவில்லை. பிரான்சின் கார்த்தியே-பிரஸ்ஸோன் 1932-இல் ஒரு லைக்கா வாங்கினார். 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் இறுதி நாட்களை எடுத்தார். அதே ஆண்டு, நமக்கு அடுத்த ஊரான மதுரையில், எலும்பும் தோலுமான குழந்தையை ஏந்திய ஓர் ஏழைத் தாயை எடுத்தார். அந்தப் படத்தைக் கண்டபோது, நம் ஊர்ப்பக்கத்து ஏழையின் முகம் உலகின் கண்ணுக்கு எட்ட, இழுப்பு நோய்க்காரர் ஒருவர் ஜெர்மனியில் சுமைக்குப் பயந்தது ஒரு காரணம் என்று தோன்றிற்று.

நோய் அவரை விடவில்லை. 1936 ஜனவரி 16-ஆம் நாள், தம் ஐம்பத்தாறாவது வயதில் பர்னாக் காலமானார். 35 மி.மீ. கேமராவுக்குக் கோடக்ரோம் என்ற வண்ணச் சுருள் வந்தது அதே ஆண்டின் பிற்பகுதியில். அதை அவர் காணவில்லை. அவர் பிறந்த நூற்றாண்டையொட்டி அவர் பெயரில் ஏற்பட்ட பரிசு இன்றும் படக்காரர்களுக்கு வழங்கப்படுகிறது. 1923-இல் சோதனைக்காகச் செய்த இருபதுக்குச் சற்று மேற்பட்ட கேமராக்களில் அவர் தமக்கென வைத்திருந்தது 105-ஆம் எண். 2022 ஜூனில் வெட்ஸ்லாரில் அது ஏலத்துக்கு வந்து 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போயிற்று. எந்தக் கேமராவும் அதுவரை அவ்வளவு விலைக்குப் போனதில்லை. அந்தப் பணத்துக்கு எத்தனை எல்மார் வாங்கலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

லென்ஸ் வந்துவிட்டது, ஒரு குறை மிச்சம். ஸோர்க்கியின் சாளரம் 50 மி.மீ. லென்ஸ் காணும் பரப்பைத்தான் காட்டும்; 90-க்குத் தனிச் சாளரம் வாங்க வேண்டும். அதன் விலை லென்ஸில் பாதி. ஒத்த முக்கோணங்கள் தெரிந்தவனுக்கு அது தேவையில்லை. கண்ணிலிருந்து சரியாக 90 மி.மீ. தள்ளி 24×36 மி.மீ. ஓட்டை உள்ள ஓர் அட்டையை நிறுத்தினால், அந்த ஓட்டைக்குள் தெரிவதே படத்தில் விழும். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை வெட்டிச் சாளரம் செய்து, கேமராவின் தலையிலுள்ள தண்டவாளத்தில் செருகியிருக்கிறேன். சுருளுக்கு 36 படம். எங்கள் தெருவில் அறுபது வயதைக் கடந்தவர்கள் இருபத்தொன்பது பேர்.